கம்பி அறுந்தால் லோடை யார் அணைப்பது? சீரியல் போர்ட் கருவிகளைத் தொலைவிலிருந்து ஓட்டும் வழிகள்

லாக் ஃபைலின் கடைசி வரியில் நேரம் 1:52. மின்னழுத்தம் 3.61 வோல்ட். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் எலக்ட்ரானிக் லோடு, அதாவது மாட்டிய பேட்டரியிலிருந்து சொன்ன அளவு மின்னோட்டத்தை இழுக்கும் சோதனைக் கருவி, அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மாட்டியிருந்த லித்தியம் செல்லில் அரை வோல்ட்கூட மிச்சமில்லை. 3.0 வோல்ட் வந்ததும் லோடை அணைப்பது என் புரோகிராமின் வேலை. புரோகிராம் சாகவும் இல்லை, திரையில் இருந்தது. நள்ளிரவில் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைத்திருக்கிறது. யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒரு நொடி காணாமல் போய், வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. புரோகிராமோ பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு யாருமில்லாத கடையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அதுவரை நான் ஒவ்வொரு இணைப்பு முறையையும் வேகத்தை வைத்தே எடைபோட்டு வந்தேன். அந்த செல் போனபிறகு கேள்வி மாறிவிட்டது. இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? கருவி கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்குமா, யாராவது வந்து அணைப்பார்களா? கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். சீரியல் போர்ட் உள்ள மல்டிமீட்டரோ பவர் சப்ளையோ பழைய ஆசிலோஸ்கோப்போ உங்களிடம் இருக்கிறது, அது ஓர் அறையில், நீங்கள் வேறோர் அறையில் என்றால் நடுவில் எதை வைப்பது என்று பார்ப்போம்.

முதலில் அந்த ஒன்பது பின்கள்

சீரியல் போர்ட்டுக்கான தரமான ஆர்எஸ்-232 முதலில் வந்தது 1960-இல். பலருக்கும் பழக்கமான 'சி' பதிப்பு 1969-இல். மோடத்தையும் டெர்மினலையும் இணைப்பதற்காக எழுதிய தரம் அது. அளவைக் கருவிகளை மனதில் வைத்து யாரும் எழுதவில்லை. இன்றைக்கு வரும் பல தலைவலிகளுக்கு வேர் இங்கேதான். எது 'டெர்மினல்', எது 'மோடம்' என்பதைப் பொறுத்து 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் இடம் மாறும். கணினியும் கருவியும் இரண்டுமே தன்னை டெர்மினல் என்று நினைத்துக்கொண்டால் நேர்க் கேபிள் உதவாது. உள்ளே குறுக்காகக் கட்டிய நல்-மோடம் கேபிள் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் பெட்டியிலுள்ள கேபிள்களில் குறுக்குக் கேபிளுக்கெல்லாம் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அது இல்லாத காலத்தில் நான் வீணாக்கிய மாலைகளைக் கணக்கெடுக்க விருப்பமில்லை.

அடுத்து ஹேண்ட்ஷேக், அதாவது 'அனுப்பலாமா, பொறுக்கவா' என்று இரு பக்கமும் சைகை காட்டிக்கொள்வது. ஹெச்பி 34401ஏ மல்டிமீட்டரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆறரை இலக்க மீட்டர், இன்றும் பல மேசைகளில் உழைக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் சீரியல் அமைப்பு 9600 பாட் (செகண்டுக்கு இத்தனை பிட்), எழுத்துக்கு 7 பிட், இரட்டைப்படை பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்), 2 ஸ்டாப் பிட். 'எல்லாம் 8-என்-1 தான்' (8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்) என்று நினைத்துத் திறந்தால் திரையில் குப்பை கொட்டும். அது 'நான் தயார்' என்று சொல்லும் டிடிஆர், டிஎஸ்ஆர் கம்பிகளை ஹேண்ட்ஷேக்குக்குப் பயன்படுத்துகிறது. 2, 3, 5 என்று மூன்று கம்பி மட்டும் இழுத்துச் செய்த கேபிளில், டிஎஸ்ஆர் கம்பிக்கு வர வேண்டிய மின்னழுத்தம் வராததால், மீட்டர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் மௌனமாக நிற்கலாம். அதோடு, சீரியல் வழியே பேசும்போது முதலில் 'ரிமோட்டுக்குப் போ' என்று ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டால் அளக்கச் சொல்லும் கட்டளைக்கு 550 என்ற பிழை எண் வரும்: லோக்கலில் இருக்கும்போது இந்தக் கட்டளைக்கு அனுமதி இல்லை. அளவைக் கருவிகளுக்கென்றே உள்ள ஜிபிஐபி இணைப்பு வழியாகப் பேசினால் இந்தச் சடங்கே கிடையாது.

சரி, வேகத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இந்த மீட்டர் ஓர் அளவைச் சொல்ல வரிமுடிவோடு சேர்த்து 17 எழுத்து அனுப்பும். ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், பாரிட்டி, ஸ்டாப் எல்லாம் சேர்த்து 11 பிட். 9600 பாட்டில் கணக்குப் போட்டால் சுமார் 20 மில்லிசெகண்ட். கேள்விக்கு இன்னொரு 7. ஆனால் மீட்டர் ஆறரை இலக்கத்துக்கு அளக்கவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 சுழற்சி, அதாவது 200 மில்லிசெகண்ட் எடுக்கிறது. ஆட்டோ-ஜீரோ போட்டிருந்தால் அது இரட்டிப்பு. கம்பி காத்திருப்பதே மீட்டருக்காகத்தான். 9600 பாட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அலைவடிவமோ கருவித் திரையின் படமோ இறக்க வேண்டும் என்றால் கதை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

யுஎஸ்பி கேபிள் ஒன்றே போதுமா

கருவி உங்கள் மேசையிலேயே இருந்து, சோதனை ஓடும்போது நீங்களும் பக்கத்திலேயே இருந்தால், போதும். இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எந்த சிப் உள்ள கேபிள் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எஃப்டிடிஐ சிப்களில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் உண்டு. லினக்ஸ் அந்த எண்ணை வைத்து 'பை-ஐடி' என்ற கோப்புறையில் மாறாத ஒரு பெயரை உருவாக்கித் தருகிறது. கேபிளைப் பிடுங்கி எந்த போர்ட்டில் செருகினாலும் அதே பெயர். மலிவான கேபிள்களில் பரவலாக இருக்கும் சிஎச்340 சிப்பில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. இரண்டு கேபிள் செருகினால் எது மீட்டர், எது பவர் சப்ளை என்று கணினிக்குத் தெரியாது. எந்த போர்ட்டில் செருகியது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். யாராவது மேசையைத் துடைக்கும்போது இடம் மாற்றிச் செருகிவிட்டால், மீட்டருக்குப் போக வேண்டிய கட்டளை பவர் சப்ளைக்குப் போகும். எனவே புரோகிராம் தொடங்கியதும் முதல் வேலையாக அடையாளக் கேள்வியை அனுப்பி, பதிலில் வரும் மாடல் எண்ணைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

என் செல்லைக் கொன்றதும் இந்தப் பெயர்ச் சிக்கல்தான். யூஎஸ்பி தூக்கத்தை அணைத்துவைத்து, மாறாத பெயரையும் கொடுத்திருந்தால் அன்று ராத்திரி பிழைத்திருக்கும். ஆனால் அது அந்த ஒரு ராத்திரிக்கான மருந்து. லேப்டாப்புக்கு அப்டேட் வரும், மீண்டும் தொடங்கும், யாராவது மூடியைச் சாத்திவிடுவார்கள். அப்போதெல்லாம் லோடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எஃப்டிடிஐ சிப்பில் இன்னொரு நுணுக்கம். கருவியிலிருந்து வரும் எழுத்துகளை அது உடனுக்குடன் கணினிக்குத் தள்ளாது. ஒரு பொட்டலம் நிறையும்வரை, இல்லையென்றால் 16 மில்லிசெகண்ட் ஆகும்வரை காத்திருக்கும். ஒரு வரிப் பதிலில் பொட்டலம் எங்கே நிறையப்போகிறது? ஆக, ஒவ்வொரு கேள்விக்கும் இந்தத் தாமதம் சேரும். டிரைவர் அமைப்பில் இதை 1 மில்லிசெகண்ட் என்று மாற்றலாம். வேகமாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வேலைக்கு பாட் ரேட்டை ஏற்றுவதைவிட இந்த ஒரு எண்ணை மாற்றினால் அதிகப் பலன் கிடைக்கும்.

அப்புறம் கிரவுண்ட். சீரியல் போர்ட்டின் 5-ஆம் பின் பல கருவிகளில் உடலோடும், அதன் வழியே மின்சாரப் பிளக்கின் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. கணினியின் யுஎஸ்பி கிரவுண்டும் அப்படியே. இரண்டையும் கேபிள் இணைத்தால் ஒரு வளையம் உருவாகிறது. மைக்ரோவோல்ட் அளக்கும்போது அந்த வளையம் ஹம் என்று இரையும். எர்த்திலிருந்து விலகி நிற்கும் சர்க்யூட்டைச் சோதிக்கும்போது இதே வளையம் ஆபத்தாகவும் மாறலாம். மின்தொடர்பை அறுத்துத் தரவை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கி நடுவில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பல கையடக்க மல்டிமீட்டர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒளி வழியாகப் பேசுகின்றன: மீட்டரின் முதுகில் ஓர் இன்ஃப்ராரெட் எல்ஈடி, அதன்மேல் ஒட்டும் கேபிள். நடுவில் கம்பியே இல்லை.

கம்பியையே நீட்டினால்

பழைய தரம் சொல்லும் எல்லை 15 மீட்டர்வாக்கில். 9600 பாட்டில், நல்ல கேபிளில், அதைத் தாண்டியும் ஓடும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் இரு முனையிலும் ஆர்எஸ்-485 மாற்றி போடலாம். இரண்டு கம்பிகளுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் முறை என்பதால் இரைச்சலைத் தாங்கும், 1200 மீட்டர் வரை போகும், முனைகளில் 120 ஓம் மின்தடை வேண்டும். தொழிற்சாலைத் தளத்தில், மோட்டார்களுக்கு நடுவே, இது அருமையான தேர்வு. மற்றபடி, கட்டடத்தில் ஏற்கெனவே ஈதர்நெட் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாகக் கம்பி இழுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஹேண்ட்ஷேக் கம்பிகளும் இதில் கூட வராது.

சீரியல் சர்வர் பெட்டி

ஒருபக்கம் ஒன்பது பின், மறுபக்கம் ஈதர்நெட். மோக்ஸா, லேன்ட்ரானிக்ஸ், டிஜி போன்றவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பெட்டி. கணினியில் அதன் டிரைவரை நிறுவினால் 'காம் 7' என்று ஒரு போலி போர்ட் முளைக்கும். பழைய மென்பொருள் அதை உண்மையான போர்ட் என்றே நம்பிப் பேசும். மூலக் குறியீடு இல்லாத, இனி யாரும் திருத்த முடியாத ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளை நம்பித்தான் உங்கள் சோதனை ஓடுகிறது என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். இதுதான் உங்கள் வழி.

மற்றவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று வெறும் டிசிபி: எழுத்துகள் மட்டும் போகும், வரும். இன்னொன்று 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2217: எழுத்துகளோடு பாட் ரேட், பாரிட்டி, டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற ஹேண்ட்ஷேக் கம்பிகளின் நிலைகளும் போகும். வித்தியாசம் எங்கே உறைக்கும் என்றால், யூனி-டி யுடி61ஈ மாதிரி மீட்டரில். அதன் ஒளிக் கேபிளுக்குத் தனி பேட்டரி கிடையாது. டிடிஆர் கம்பியை உயர்த்தி, ஆர்டிஎஸ் கம்பியைத் தாழ்த்தி வைத்தால் அந்த இரண்டுக்கும் இடையிலிருந்துதான் அது மின்சாரம் உறிஞ்சிக்கொள்கிறது. வெறும் டிசிபியில் அந்தக் கம்பிகளை நம்மால் தொட முடியாது. 19200 பாட், 7 பிட், ஒற்றைப்படை பாரிட்டி என்று எல்லாம் சரியாக வைத்தும் மீட்டர் ஊமையாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வார இறுதி போயிற்று.

நேரக் கணக்கும் இங்கே உடையும். சில மலிவு பவர் சப்ளைகள் மோட்பஸ் ஆர்டியு முறையில் பேசுகின்றன. அதில் 3.5 எழுத்து நேரம் கம்பி அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். 9600 பாட்டில் அது 4 மில்லிசெகண்ட். நெட்வொர்க்கில் ஒரு பொட்டலம் 4 மில்லிசெகண்ட் தாமதிப்பது அன்றாட நிகழ்வு. செய்தி நடுவில் பிளந்து, கருவி பாதியை மட்டும் படித்துவிட்டுத் தூக்கிப் போடும். வேறு சில சப்ளைகள் பதிலின் முடிவில் வரிமுடிவுக் குறியே அனுப்பாது; 'கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை, அப்படியானால் முடிந்தது' என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளை மொழி பேசும் கருவிகளில் இந்த வம்பு குறைவு. வரிமுடிவு வரும்வரை படி என்று எழுதினால், பதில் இரண்டு துண்டாக வந்தாலும் சேர்ந்துவிடும்.

இப்போது என் கேள்விக்கு வருவோம். நெட்வொர்க் அறுந்தால்? சீரியல் சர்வருக்குக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது லோடா, மீட்டரா, காப்பி மெஷினா என்றுகூடத் தெரியாது. கம்பி போனால் அது சும்மா இருக்கும். லோடு ஓடும். அது மட்டுமா, இணைப்பு பாதியில் அறுந்தது பெட்டிக்குத் தெரியாமலே போகலாம். பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, திரும்ப வந்து கதவைத் தட்டும் உங்கள் புரோகிராமை 'ஆள் இருக்கிறார்' என்று திருப்பி அனுப்பும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்-அலைவின் இயல்பு நேரம் லினக்ஸில் 7200 செகண்ட். இரண்டு மணி நேரம்! பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இதைச் சில செகண்டாகக் குறைக்க இடமிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இருந்தாலும் அணைப்பது யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

வைஃபை, ப்ளூடூத் சீரியல் மாட்யூல்களையும் இதே கூடையில் போட்டுவிடலாம். அவற்றின் ஒரே பெரிய நன்மை, பேட்டரியில் ஓட்டினால் கிரவுண்ட் வளையம் அடியோடு ஒழியும். 3.3 வோல்ட் பின்னில் ஆர்எஸ்-232-இன் மைனஸ் 12 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் மேக்ஸ்3232 மாதிரி ஒரு லெவல் மாற்றி வேண்டும். மாட்யூல் புகைந்தால்தான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது.

கருவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கணினி

நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னப் பலகை, கருவிக்கு ஒரு முழத் தூரத்தில். யுஎஸ்பி-சீரியல் கேபிள் அதில் செருகியிருக்கும். அதிலிருந்து ஈதர்நெட் வெளியே போகும்.

இந்தப் பலகையை இரண்டு விதமாக ஓட்டலாம். 'செர்2நெட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அது அப்படியே ஒரு சீரியல் சர்வர் பெட்டியாகிவிடும். ஆர்எஃப்சி 2217-உம் பேசும். வாங்கும் பெட்டியைவிட அதிக வசதி, ஆனால் மேலே சொன்ன குறைகள் எல்லாம் அப்படியே கூட வரும். கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதை வெறும் குழாயாகப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது விதம், சோதனைப் புரோகிராமையே அதில் ஓட்டுவது. பைத்தானில் பைசீரியல் அல்லது பைவிசா என்ற நூலகத்தை வைத்து எழுதிய நாற்பது வரி. '3.0 வோல்ட் வந்தால் அணை' என்ற முடிவை எடுப்பது அந்தப் பலகை. என் கணினியிலிருந்து போவது 'இந்தச் சோதனையைத் தொடங்கு' என்ற ஒரு வரி. திரும்பி வருவது லாக். நடுவில் நெட்வொர்க் அரை மணி நேரம் படுத்துவிட்டாலும் சோதனைக்கு ஒன்றும் ஆகாது. மோட்பஸின் 4 மில்லிசெகண்ட், வரிமுடிவு இல்லாத பதில், கம்பி ஏற்றி இறக்குவது எல்லாம் அந்த ஒரு முழத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஈதர்நெட் போர்ட்டின் உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கிரவுண்ட் வளையமும் பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடும், ஷீல்டு உள்ள கேபிளைப் போட்டு நீங்களே அதைத் திரும்பக் கட்டிவிடாதவரை.

குறை இல்லாமல் இல்லை. எஸ்டி கார்டு ஒரு நாள் போகும். செகண்டுக்கு ஒரு வரி என்று அதிலேயே எழுதிக்கொண்டிருந்தால் சீக்கிரம் போகும். லாகை மெமரியில் சேர்த்துவைத்து நிமிடத்துக்கொருமுறை எழுதுகிறேன். பலகை உறைந்துபோனால்? அதில் ஹார்டுவேர் வாட்ச்டாக் இருக்கிறது. புரோகிராம் சில செகண்ட் மூச்சு விடவில்லை என்றால் பலகையை மீண்டும் தொடக்கிவிடும். ஆனால் தொடங்கி முடியும்வரை லோடு ஓடிக்கொண்டிருக்குமே? ஆமாம். அதனால் புரோகிராமின் முதல் வரி 'அவுட்புட்டை அணை'. எதற்காகத் தொடங்கினாலும், யார் தொடங்கினாலும், முதலில் அதுதான். பவர் சப்ளைக்கும் இதே ஒழுங்கு: முதலில் மின்னோட்ட எல்லை, பிறகு மின்னழுத்தம், கடைசியில்தான் அவுட்புட். தலைகீழாகச் செய்தால் பழைய எல்லையோடு ஒரு கணம் மின்சாரம் பாயும்; அந்த ஒரு கணம் போதும்.

கருவிக்குள்ளேயே பாதுகாப்பு இருந்தால் அதையும் போட்டுவையுங்கள். என் லோடில் குறைந்த மின்னழுத்தத்தில் தானே நிற்கும் வசதி இருந்தது, ஆனால் பேட்டரி மோடில் மட்டும். நானோ சாதாரண நிலை-மின்னோட்ட மோடில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கையேட்டில் அந்த வரி இருந்தது. படித்தது அந்தச் செல் போனபிறகு.

ரிமோட் டெஸ்க்டாப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதையே செய்கிறார்கள்: கருவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய விண்டோஸ் கணினி, அதன் திரையைத் தொலைவிலிருந்து பார்ப்பது. யோசித்துப் பார்த்தால் இதுவும் குட்டிக் கணினி வழிதான். முடிவெடுப்பவர் கருவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். பழைய மென்பொருள், நெட்வொர்க்கும் நம்பகமில்லை என்றால் சீரியல் சர்வரைவிட இதுவே மேல். தானாக அப்டேட் ஆவதையும் தூங்குவதையும் மட்டும் அணைத்து வையுங்கள்.

சீரியலையே விட்டுவிடலாமா

கருவியில் ஈதர்நெட் போர்ட் இருந்தால், தாராளமாக. ஜிபிஐபி மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஹெச்பி தன் கருவிகளுக்காகச் செய்துகொண்ட பஸ், 1975-இல் ஐஈஈஈ 488 என்ற தரமானது. அதுதான் ஜிபிஐபி. ஒரு பஸ்ஸில் 15 சாதனம், மொத்தக் கேபிள் 20 மீட்டர். ஒவ்வொரு பைட்டுக்கும் ஹேண்ட்ஷேக் உண்டு, பாட் ரேட் என்ற பேச்சே இல்லை, கருவி தானாகக் கையைத் தூக்கி 'எனக்கு ஒரு விஷயம்' என்று சொல்லத் தனிக் கம்பி உண்டு. அளவைக் கருவிகளை அறிந்தவர்கள் அவற்றுக்கென்றே செய்தது, தொட்டதும் தெரியும். ஆனால் கணினிக்கு ஓர் அடாப்டர் வேண்டும், அந்தத் தடித்த கேபிளும் வேண்டும். ஒரு மீட்டருக்காக இதைக் கட்டிக்கொள்ள நான் சொல்லமாட்டேன். ரேக்கில் ஏழெட்டுக் கருவி அடுக்கியிருப்பவருக்கோ ஏழெட்டு யுஎஸ்பி-சீரியல் கேபிளை நிர்வகிப்பதைவிட இது நிம்மதி.

ஈதர்நெட் உள்ள கருவிகள் பெரும்பாலும் 5025 என்ற போர்ட்டில் வெறும் டிசிபியாகவே எஸ்சிபிஐ பேசும். டிரைவரே வேண்டாம். 1990-இல் எஸ்சிபிஐ வந்தபோது கட்டளை மொழியையும் கம்பியையும் பிரித்து வைத்ததன் பலன் இது: சீரியலில் எழுதிய புரோகிராமில் முகவரி வரியை மாற்றினால் மீதி அநேகமாக அப்படியே ஓடும். ஒன்று மட்டும்: அந்த 5025-க்குக் கடவுச்சொல் கிடையாது. சீரியல் சர்வரின் வெறும் டிசிபிக்கும் கிடையாது. யார் இணைந்தாலும் உங்கள் பவர் சப்ளையை 30 வோல்ட்டுக்கு ஏற்றலாம். வெளியிலிருந்து வர வேண்டுமானால் விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் வழியாக வாருங்கள். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து இணையத்தின் முன் வைத்துவிடாதீர்கள்.

சீரியலை விட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அலைவடிவமும் திரையின் படமும். 800-க்கு 480 புள்ளி, 24 பிட் நிறம்: ஒரு பிஎம்பி படம் 11,52,000 பைட். 9600 பாட்டில் செகண்டுக்கு 960 பைட் என்றால் 1200 செகண்ட், சரியாக 20 நிமிடம். 115200 வைத்தாலும் 100 செகண்ட். ஈதர்நெட்டில் கண் இமைக்கும் நேரம். 2500 புள்ளி கொண்ட அலைவடிவம் மட்டும் என்றால் புள்ளிக்கு ஒரு பைட்டாக பைனரியில் இறக்க 9600-இல் மூன்று செகண்டுக்குள் ஆகும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ஹேண்ட்ஷேக்கை அணைத்துவிட வேண்டும். அது 17, 19 என்ற இரண்டு பைட்களை 'போ', 'நில்' என்ற சைகையாக எடுத்துக்கொள்கிறது. அலைவடிவத்தில் ஏதாவது ஒரு புள்ளியின் மதிப்பு 19 ஆக இருந்தால் இணைப்பு அங்கேயே நின்றுவிடும். சில சிக்னலுக்கு மட்டும் இறங்காமல் போகிறது, மற்றதெல்லாம் சரியாக வருகிறது என்று யாராவது தலையைச் சொறிந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

சரி, எதை எடுப்பது

அளப்பது மட்டும்தான், மின்சாரம் கொடுப்பதோ இழுப்பதோ இல்லை, கருவி பக்கத்திலேயே இருக்கிறது: தனி வரிசை எண் உள்ள யுஎஸ்பி-சீரியல் கேபிள், தேவையானால் ஐசொலேட்டர். இணைப்பு அறுந்தால் நாலு அளவு தவறும், அவ்வளவுதான். அதே மீட்டர் வேறு அறையில் இருந்தால் சீரியல் சர்வரே போதும். ஹேண்ட்ஷேக் கம்பிகள் தேவைப்படும் மீட்டர் என்றால் ஆர்எஃப்சி 2217 உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

பவர் சப்ளை, லோடு, ஹீட்டர், மோட்டார் என்று ஆற்றலைக் கையாளும் எதுவாக இருந்தாலும், ஆளில்லாமல் ஓடும் எதுவாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு குட்டிக் கணினி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆசிலோஸ்கோப்புக்கு ஈதர்நெட் இருந்தால் ஈதர்நெட். இல்லை, சீரியல் மட்டுமே உள்ள பழைய ஸ்கோப் என்றால் எண்களை மட்டும் இறக்குங்கள். திரையின் படத்துக்கு ஒரு வெப் கேமராவை அதன் முன்னால் நிறுத்துங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த வழியை எடுத்தாலும் செல்லை மாட்டும் முன்பு ஒரு பரீட்சை வையுங்கள். நான் இப்போது செல்லுக்குப் பதில் ஒரு பவர் சப்ளையை லோடில் மாட்டி, சோதனையைத் தொடங்கிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். முதல் தடவை செய்தபோது முதலில் ஈதர்நெட். லாக் என் திரையில் நின்றது, பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. சப்ளையை 3.0-க்குக் கீழே இறக்கினேன், லோடு அணைந்தது. திரும்பத் தொடங்கிவிட்டு அடுத்ததாக சீரியல் கேபிளைப் பிடுங்கினேன். பலகையால் லோடை அணைக்க முடியவில்லை. எப்படி முடியும், கம்பியே இல்லையே. அங்கேதான் ஓட்டை என்று புரிந்தது. செல்லுக்கும் லோடுக்கும் நடுவில் ஒரு ரிலே சேர்த்தேன், பலகை மின்சாரம் கொடுத்தால் மட்டும் மூடுகிற மாதிரி. லோடிடமிருந்து பதில் ஐந்து செகண்ட் வரவில்லை என்றால் பலகை ரிலேயை விட்டுவிடும். மறுபடி சீரியல் கேபிளைப் பிடுங்கி எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. டக். கடைசியாகப் பலகையின் மின் வயரையே உருவினேன். அதற்கு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. லோடின் திரையில் 0.000 ஆம்பியர்.